தஞ்சோங் பகார் ஸ்டேஷன் ஏன் மூடிக் கிடக்கிறது?

கெப்பல் ரோட்டில், மேம்பாலத்தை ஒட்டி, முகப்பில் நான்கு பளிங்குச் சிலைகளோடு ஒரு பெரிய வெள்ளைக் கட்டடம் நிற்கிறதே, அது என்ன, சிங்கப்பூருக்கு நட்டநடுவே மலேசியாவின் ரயில் நிலையம் எப்படி வந்தது, ஆள் வராததால்தான் மூடினார்களா என்று கேட்டிருந்தீர்கள். பதில் கொஞ்சம் நீளும்.

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதைத்தான் பலரும் தப்பாகச் சொல்கிறார்கள். பயணிகள் குறைந்தது உண்மைதான். மலேசியாவின் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை 1994-இல் முழுதாகத் திறந்த பிறகு, கோலாலம்பூருக்குப் பஸ்ஸில் ஐந்தாறு மணி நேரத்தில் போய் இறங்கிவிடலாம். ரயிலுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். ஆனால் ஆள் குறைந்ததற்காக மூடுவதென்றால் அப்போதே மூடியிருக்கலாமே. அதற்கப்புறமும் 17 வருடம் ரயில் ஓடியது. அந்த ஸ்டேஷன் அங்கே வந்ததும், நாடு பிரிந்த பிறகும் அசையாமல் இருந்ததும், கடைசியில் மூடியதும், அடியில் இருந்த நிலம் யார் கையில் என்ற ஒரே விஷயத்தால்தான். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

சிங்கப்பூரின் முதல் ரயில் தஞ்சோங் பகாரிலிருந்து புறப்படவில்லை. 1903 ஜனவரி 1-ஆம் தேதி டேங்க் ரோட்டிலிருந்து புக்கிட் தீமா வரை ஓடியது. அதே வருடம் பாதை தீவின் வடகோடியிலுள்ள உட்லண்ட்ஸ் வரை நீண்டது. டேங்க் ரோடு என்றதும் நமக்கு நினைவு வருவது செட்டியார்கள் 1859-இல் கட்டிய தண்டாயுதபாணி கோயில்தான். அந்தக் கோயிலிலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் சிங்கப்பூரின் முதல் ரயில் நிலையம் இருந்தது. இன்றைக்குக் கடைத்தெருவாகிவிட்ட ஆர்ச்சர்ட் ரோட்டின் மேலே ஒரு பாலம் போட்டு அதன்மேல் ரயில் போனது. நியூட்டன் பக்கம் ஒரு ஸ்டேஷன், குளூனி ரோட்டில் ஒன்று என்று பாதை நகரத்தை ஊடுருவிச் சென்றது.

உட்லண்ட்ஸில் இறங்கினால் எதிரே ஜோகூர் நீரிணை. படகேறி அக்கரையில் மலாயாவின் ஜோகூருக்குப் போக வேண்டும். ஜோகூர் மாநில ரயில் பாதை 1909-இல் முடிந்தபோது, வடக்கே பினாங்குக்கு எதிரே உள்ள பிறை என்ற ஊரிலிருந்து ஜோகூர் பாரு வரை ஒரே தண்டவாளம் வந்துவிட்டது. நடுவில் மிஞ்சியது ஒரு கிலோமீட்டர் தண்ணீர் மட்டும். சரக்கு வேகன்களைப் படகில் ஏற்றி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் கடத்தினார்கள். ரப்பரும் ஈயமும் கொழித்த காலம், படகு தாங்கவில்லை. கடற்பாலம் கட்ட முடிவானது. 1923-இலேயே அதன்மேல் ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. அதிகாரபூர்வத் திறப்பு விழா 1924 ஜூன் 28-இல் நடந்தது.

இதற்கு நடுவில் 1918-இல் ஒரு காரியம் நடந்தது. கதையின் முடிச்சு இங்கேதான் விழுந்தது. சிங்கப்பூர் அரசாங்கம் தன் ரயில்வேயை, மலாய் மாநிலக் கூட்டமைப்பு ரயில்வேக்கு விற்றுவிட்டது. பாதை ஓடும் நிலத்தையும் ஒரு சட்டத்தின் மூலம் அதன் வசம் ஒப்படைத்தது. எத்தனை வருடத்துக்கு? 999 வருடத்துக்கு. அன்றைக்கு அது யாருக்கும் பெரிதாகத் தோன்றியிருக்காது. சிங்கப்பூரும் பிரிட்டிஷார் கையில், மலாயாவும் பிரிட்டிஷார் கையில். ஒரே வீட்டுக்குள் இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்குப் பத்திரத்தை மாற்றிவைப்பது போலத்தான். 50 வருடம்கூட ஆகாமல் நடுவில் ஒரு நாட்டு எல்லை வரும் என்று 1918-இல் யார் நினைத்தார்கள்?

நகரம் வளர வளர, டேங்க் ரோட்டுப் பாதையால் தொல்லை கூடிப்போனது. லெவல் கிராசிங்கில் கேட்டைச் சாத்தினால் மோட்டார் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். துறைமுகமும் அங்கிருந்து தூரம். ஆகவே புக்கிட் தீமாவுக்குத் தெற்கே பாதையையே மேற்குப் பக்கமாகத் திருப்பி, துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகாரில் புது முனையம் கட்டினார்கள். சுவான் அண்டு மெக்லாரன் என்ற பேர்பெற்ற கட்டடக்கலை நிறுவனம் வரைந்து கொடுத்தது. 1932 மே மாதம் ஆளுநர் சிசில் கிளமெண்டி திறந்துவைத்தார். ஜோகூரோடு பாலம் சேர்ந்துவிட்டதால், ஆசியப் பெருநிலத்தின் தென்கோடியிலேயே நாம் நிற்கிறோம் என்ற பொருள்பட அவர் அன்று பேசினார். அதில் மிகை இல்லை. இங்கே ஏறினால், இடையில் வண்டி மாறினாலும், பேங்காக் வரை தண்டவாளத்திலேயே போகலாம். உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை அடிமாட்டு விலைக்கு விழுந்திருந்த நேரத்தில் இவ்வளவு பெரிய ஸ்டேஷனைத் திறந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அதற்குப் பத்து வருடத்துக்கு முன்பு மலாயா எவ்வளவு செழித்திருந்தது என்பதற்கு இந்தக் கட்டடமே சாட்சி.

கட்டடத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். முகப்பில் நிற்கும் நான்கு சிலைகள் வேளாண்மை, வணிகம், போக்குவரத்து, தொழில் ஆகிய நான்கையும் குறிப்பவை. இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்தில், ரவுல் பிகாட்ஸி சிற்பக்கூடத்தைச் சேர்ந்த ஆஞ்சலோ வன்னெட்டி செதுக்கியவை. சிலைகளோடு சேர்த்து எஃப், எம், எஸ், ஆர் என்று நான்கு எழுத்துகளைப் பார்க்கலாம். மலாய் மாநிலக் கூட்டமைப்பு ரயில்வேயின் ஆங்கில முதலெழுத்துகள் அவை. அந்த ரயில்வே பெயர் மாறி, ஆள் மாறி, நாடே மாறிய பிறகும் எழுத்துகளை யாரும் தொடவில்லை. மொத்த முகப்பையும் பார்த்தால் பின்லாந்தின் ஹெல்சின்கி ஸ்டேஷன் நினைவுக்கு வரும் என்று கட்டடக்கலை தெரிந்தவர்கள் சொல்வார்கள். கூரையில் பதித்த பச்சை ஓடுகள் மட்டும் சீனக் கோயிலை நினைவூட்டும்.

உள்ளே நுழைந்தால் சுமார் 22 மீட்டர் உயரத்துக்கு, பீப்பாயைப் பாதியாகப் பிளந்து கவிழ்த்த மாதிரி வளைந்த கூரை. வெளியே கெப்பல் ரோட்டில் எவ்வளவு வெயில் அடித்தாலும் கூடத்துக்குள் காலடி வைத்ததும் உடம்பு குளிரும். இரண்டு பக்கச் சுவர்களிலும் மிகப் பெரிய ஓவியத் தொகுதிகள், மொத்தம் ஆறு. நெல் நாற்று நடுகிறார்கள், ரப்பர் மரம் சீவுகிறார்கள், ஈயம் தோண்டுகிறார்கள், கொப்பரை காயவைக்கிறார்கள், கப்பல் நிற்கிறது, மாட்டு வண்டி போகிறது. இந்த ஓவியங்கள் சுவரில் நேரடியாகத் தீட்டியவை அல்ல, ரப்பர் பலகைகளால் அமைத்தவை. கிட்டே போய்ப் பார்த்தால் பலகைகள் சேரும் கோடுகள் கண்ணுக்குத் தெரியும். ரப்பர் சீவும் காட்சியை ரப்பரிலேயே செய்து வைத்திருக்கிறார்கள். அந்தச் சித்திரத்துக்கு முன்னால் நான் எப்போதும் கொஞ்ச நேரம் நின்றுவிடுவேன். மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் கத்தியும் வாளியுமாக விடியற்காலையில் மரத்தடிக்குப் போனவர்களில் பெரும்பாலோர் நம் மக்கள். அவர்கள் சீவிய பால் ரப்பராகி, தண்டவாளம் வழியாகத் துறைமுகத்துக்கு வந்தது. அதில் வந்த காசில்தான் இந்த மண்டபமே எழும்பியது.

தமிழருக்கும் இந்த ரயிலுக்கும் உள்ள உறவு அதோடு நிற்கவில்லை. மலாயாவின் முதல் ரயில் பாதை 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குப் போட்டது. அதை அமைக்க இலங்கையிலிருந்து பயனியர் படை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பிறகு பாதை நீள நீள, கட்டை போடவும் ஜல்லி கொட்டவும் தண்டவாளத்தைப் பராமரிக்கவும் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டர், குமாஸ்தா வேலைகளில் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத் தமிழர்கள் நிறைந்திருந்தார்கள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் இன்றைக்கும் தமிழ்ப் பேட்டையாக இருப்பதற்கு அங்கே இருந்த ரயில்வே குடியிருப்புகள் ஒரு முக்கியக் காரணம். சிங்கப்பூரிலும் அதற்கு ஒரு தடயம் உண்டு. குவீன்ஸ்டவுனில் காமன்வெல்த் டிரைவில் இருக்கும் முனீஸ்வரன் கோயில், 1932 வாக்கில் குவீன்ஸ்வே பக்கம் தண்டவாள ஓரத்தில் ரயில்வே தொழிலாளிகள் கும்பிட்ட சின்ன குடிசைக் கோயிலாகத் தொடங்கியதுதான். பாதையைத் திருப்பிப் போட்ட அதே காலம். தண்டவாளம் போன இடத்துக்கெல்லாம் காவலுக்கு முனியாண்டியும் போனார். கோயில் பிறகு இடம் மாறி, 1998-இல் இப்போதிருக்கும் இடத்துக்கு வந்தது. கும்பிடப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது ரயில்காரர்கள் வைத்த சாமி என்று தெரியும்? கோயில் வாசலில் இதைப் பெரிதாக எழுதிவைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

போர்க்காலத்தைச் சொல்லாமல் போக முடியாது. 1942 ஜனவரி கடைசியில் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை கடற்பாலத்தை வெடிவைத்து உடைத்தது. பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர்களிடம் வீழ்ந்தது. ஜூன் மாதத்திலிருந்து, சாங்கியில் அடைத்துவைத்திருந்த போர்க் கைதிகளைச் சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்கு இந்த ஸ்டேஷன் வழியாகத்தான் ஏற்றி அனுப்பினார்கள். ஆள் ஏற்றும் பெட்டியில் இல்லை, இரும்புச் சரக்கு வேகனில். ஒரு வேகனுக்கு முப்பது பேர் வாக்கில், உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல், நாலைந்து நாள் பயணம். பகலில் இரும்பு கொதிக்கும், ராத்திரியில் குளிரும். 1943 ஏப்ரலில் ‘எஃப் ஃபோர்ஸ்’ என்ற பெயரில் 7,000 ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் கைதிகளை அனுப்பினார்கள். அவர்களில் மூவாயிரம் பேருக்கு மேல் திரும்பவில்லை. அதே சயாம் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களையும் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்கள் ஏறியது பெரும்பாலும் தோட்டத்துக்கு அருகிலிருந்த ஸ்டேஷன்களில். கைதிகளின் பெயர்ப் பட்டியல் ராணுவத்திடம் இருந்தது, கல்லறைகளில் பெயர் இருக்கிறது. நம் ஆட்களில் பெரும்பாலோருக்கு அதுவும் இல்லை.

போர் முடிந்தது, மலாயா சுதந்திரம் பெற்றது, சிங்கப்பூர் மலேசியாவில் சேர்ந்தது, 1965 ஆகஸ்ட் 9-இல் பிரிந்தது. அப்போதுதான் 1918-இல் மாற்றிய அந்தப் பத்திரம் உயிர்பெற்று எழுந்தது. ரயில்வே மலேசியாவுடையது. ஆகவே ஸ்டேஷனும், அங்கிருந்து உட்லண்ட்ஸ் வரை தீவின் குறுக்கே ஓடும் பாதையும் மலேசிய ரயில்வேயின் வசமே இருந்தன. சுதந்திர நாட்டின் தலைநகரில், துறைமுகத்துக்கு எதிரே, வங்கிக் கட்டடங்கள் வானத்தை முட்டும் பகுதிக்குப் பக்கத்திலேயே, பக்கத்து நாட்டின் கையில் ஒரு நிலம். இறையாண்மை சிங்கப்பூருக்கு, அனுபோகம் மலேசியாவுக்கு. சொத்துத் தகராறு நடக்கும் குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும்.

அந்தக் காலத்தில் அங்கே ரயில் ஏறியவர்களுக்கு ஸ்டேஷனுக்குள் நுழைந்ததுமே ஊர் மாறிவிட்ட உணர்வு வரும். அறிவிப்புப் பலகைகள் மலாயில் இருக்கும். சுவரில் மலேசியாவுக்கு வரவேற்கும் பலகை தொங்கும். நாசி லெமாக்கும் ரொட்டியும் தே தாரிக்கும் கிடைக்கும் சாப்பாட்டுக் கடைகளில், ரயிலுக்கு வந்தவர்களைவிடச் சும்மா சாப்பிட வந்தவர்கள் அதிகமாக இருப்பார்கள். ராத்திரி வண்டி ஏற வந்த குடும்பங்கள் பிளாட்பாரத்துக்கு முன்னால் பைகளை அடுக்கி, குழந்தையை அதன்மேல் சாய்த்துத் தூங்கவைத்திருக்கும். தைப்பூசத்துக்குப் பத்துமலை போகிறவர்கள், ஈப்போவில் கல்யாணத்துக்குப் போகிறவர்கள், தோட்டத்தில் இருக்கும் பாட்டியைப் பார்க்கப் போகிறவர்கள் என்று கூட்டத்தில் பாதிப் பேர் தமிழ் பேசிக்கொண்டிருப்பார்கள். டிக்கெட்டில் ஒரு வேடிக்கையான கணக்கு உண்டு. ஜோகூர் பாருவில் 34 ரிங்கிட் என்றால் இங்கே 34 சிங்கப்பூர் வெள்ளி. நாணய மாற்று விகிதம் என்ன ஆனாலும் எண் மாறாது. விவரம் தெரிந்தவர்கள் பஸ்ஸில் கடற்பாலத்தைத் தாண்டிப் போய் அந்தப் பக்கத்தில் ஏறிக்கொள்வார்கள்.

மாடியில் ஒரு காலத்தில் ஸ்டேஷன் ஹோட்டல் நடந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட அறைகள். கப்பலில் வந்து இறங்கி, மறுநாள் மலாயாவுக்கு ரயில் ஏறுகிறவர்களுக்காகக் கட்டியது. விமானம் வந்த பிறகு அது வாடிப்போய், 1990-களில் மூடிவிட்டது.

ரயில் ஆர்வம் உள்ளவர்கள் அன்றைக்குத் தஞ்சோங் பகாரைவிட அதிகம் தேடிப் போனது புக்கிட் தீமா ஸ்டேஷனைத்தான். தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை ஒற்றைப் பாதை, மீட்டர் கேஜ். நம் பக்கத்தில் சென்னை எழும்பூரிலிருந்து தெற்கே ஓடிய பழைய ரயில்களுக்கு இருந்த அதே ஒரு மீட்டர் அகலம். ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு ரயில் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள ‘கீ டோக்கன்’ முறை வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு முனையிலும் ஒவ்வொரு இரும்புப் பெட்டி, இரண்டுக்கும் மின்கம்பித் தொடர்பு. ஒரு நேரத்தில் ஒரே ஒரு சாவியைத்தான் வெளியே எடுக்க முடியும். அது கையில் இல்லாமல் டிரைவர் அந்தப் பகுதிக்குள் வண்டியை விடக் கூடாது. சாவியைத் தோல் பையில் போட்டு, பையை ஒரு பெரிய வளையத்தில் மாட்டியிருப்பார்கள். நிற்காத வண்டியென்றால் புக்கிட் தீமாவில் வேகத்தைக் குறைக்கும். டிரைவர் தன்னிடமிருந்த வளையத்தைக் கொடுத்துவிட்டு, அடுத்த பகுதிக்கான வளையத்தைக் கையை நீட்டி வாங்கிக்கொண்டு போவார். உலகத்திலேயே தானியக்க ரயில்களுக்குப் பேர்போன ஊரில், 2011 ஜூன் கடைசி வரை பாதுகாப்புக்கு இந்த வளையம்தான். அந்த முறையில் ஒரு குறையும் இல்லை. சாவி ஒன்றுதான் என்றால் ரயிலும் ஒன்றுதான்.

இனி ஒப்பந்தச் சிக்கலுக்கு வருகிறேன். 1990 நவம்பர் 27-ஆம் தேதி, பிரதமர் பதவியிலிருந்து இறங்குவதற்கு முந்தின நாள், லீ குவான் இயூ மலேசிய நிதி அமைச்சர் டைம் சைனுடினோடு ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டார். ரயில் நிலையம் முதலில் புக்கிட் தீமாவுக்கும், உட்லண்ட்ஸுக்கு சிங்கப்பூரின் நகர ரயிலான எம்ஆர்டி வந்த பிறகு உட்லண்ட்ஸுக்கும் நகர வேண்டும். காலியாகும் நிலம் சிங்கப்பூருக்குத் திரும்ப வேண்டும். பதிலுக்குத் தஞ்சோங் பகார், கிராஞ்சி, உட்லண்ட்ஸ் ஆகிய மூன்று இடங்களின் நிலத்தை இரு நாடும் சேர்ந்து ஒரு கூட்டு நிறுவனத்தின் மூலம் மேம்படுத்தும். அதில் மலேசியாவுக்கு 60 விழுக்காடு, சிங்கப்பூருக்கு 40. காகிதத்தில் எல்லாம் சரிதான். எப்போது நகர வேண்டும் என்பதில்தான் சண்டை வந்தது. கையெழுத்திட்ட நாளிலிருந்தே உடன்பாடு நடப்புக்கு வந்துவிட்டது என்றது சிங்கப்பூர். நாங்களாக நகர முடிவு செய்யும்போதுதான் அது நடப்புக்கு வரும் என்றது மலேசியா. டாக்டர் மகாதீர் பிரதமராக இருந்த வரையில் இது தீரவில்லை. உட்லண்ட்ஸுக்கு எம்ஆர்டி 1996-இலேயே வந்துவிட்டது.

இதன் உச்சம் 1998 ஆகஸ்ட் 1. அன்று முதல் சிங்கப்பூர் தன் குடிநுழைவு, சுங்கச் சோதனையை உட்லண்ட்ஸ் ரயில் சோதனைச் சாவடிக்கு மாற்றிக்கொண்டது. மலேசியா தன்னுடையதைத் தஞ்சோங் பகாரிலேயே வைத்துக்கொண்டது. விளைவைக் கவனியுங்கள். வடக்கே போகும் பயணி, தஞ்சோங் பகாரில் மலேசியக் குடிநுழைவை முடித்து, மலேசியாவுக்குள் நுழைந்தவராக ரயில் ஏறுகிறார். அரை மணி நேரத்துக்கு மேல் சிங்கப்பூர் வழியாகப் பயணம் செய்து, உட்லண்ட்ஸில் இறங்கிச் சிங்கப்பூரை விட்டு வெளியேறுகிறார். ஒரு நாட்டை விட்டுப் போகும் முன்பே அடுத்த நாட்டுக்குள் நுழைந்தாகிவிட்டது! அந்தப் பயணத்தின்போது ஆள் சட்டப்படி எங்கே இருக்கிறார் என்று வழக்கறிஞர்கள் விவாதிக்கும் அளவுக்குப் போனது. பயணிகள் அதைக் கண்டுகொள்ளவில்லை. வரிசையில் நின்று, கடவுச்சீட்டைக் காட்டி, இடம் பிடித்து உட்கார்ந்தார்கள். ஏறக்குறைய 13 வருடம் இப்படியே ஓடியது.

முடிச்சை அவிழ்த்தவர்கள் அன்றைய பிரதமர்கள், சிங்கப்பூரின் லீ சியன் லூங்கும் மலேசியாவின் நஜிப் ரசாக்கும். 2010 மே 24-ஆம் தேதி கூட்டறிக்கை வெளியிட்டார்கள். 2011 ஜூலை 1-க்குள் ரயில் நிலையம் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடிக்கு நகரும். ரயில்வே நிலத்துக்கு ஈடாக மரீனா சவுத்தில் நான்கு மனைகளும் ஓஃபிர்–ரோச்சோரில் இரண்டு மனைகளும் கூட்டு நிறுவனத்துக்குக் கிடைக்கும். எம்+எஸ் என்ற அந்தக் கூட்டு நிறுவனத்தில் மலேசிய அரசின் முதலீட்டு நிறுவனமான கசானாவுக்கு 60 விழுக்காடு, சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனமான தெமாசெக்குக்கு 40 விழுக்காடு. இன்றைக்கு மரீனா பே பக்கம் நிற்கும் மரீனா ஒன், பூகிஸ் பக்கம் நிற்கும் டுவோ ஆகிய இரண்டும் இந்தக் கணக்கில் எழுந்தவை. தஞ்சோங் பகார் ஸ்டேஷன் என்ன விலைக்குப் போனது என்று யாராவது கேட்டால் அந்த இரண்டு கட்டடங்களையும் கைகாட்டலாம். பழைய மூன்று மனைகளுக்கு மேம்பாட்டுக் கட்டணம் உண்டா என்ற பாக்கித் தகராறு அனைத்துலக நடுவர் மன்றத்துக்குப் போனது. 2014 அக்டோபரில், கட்டணம் கட்டத் தேவையில்லை என்று தீர்ப்பு வந்தது. அதாவது மலேசியா எடுத்த நிலைப்பாட்டின் பக்கம். இரு நாடும் சத்தம் போடாமல் ஏற்றுக்கொண்டன. அண்டை நாடுகளுக்கு இது நல்ல முன்மாதிரி என்று நான் நினைக்கிறேன்.

2011 ஏப்ரலில் கட்டடத்தைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். ஜூன் மாதம் முழுக்க ஸ்டேஷனில் கூட்டம். பல வருடமாக ரயில் ஏறாதவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஜூன் 30 இரவு 11 மணி வாக்கில் கடைசி ரயில் புறப்பட்டது. ஓட்டியவர் ஜோகூர் சுல்தான் இப்ராஹிம் இஸ்கந்தர், இப்போது மலேசியாவின் மாமன்னராக இருப்பவர். என் கொள்ளுத் தாத்தா கடற்பாலத்தைத் திறந்துவைத்தார், கடைசி ரயிலை நான் ஓட்டிப் போகிறேன் என்பது அவர் சொன்ன காரணம். வழிநெடுக, லெவல் கிராசிங்குகளில், பாலங்களின் மேல் ஜனம் நின்று கையசைத்தது. ரயில்வே ஊழியர்களுக்கு அன்றைக்கு வேறு கவலையும் இருந்தது. ஸ்பூனர் ரோட்டுக் குடியிருப்பில் இருந்தவர்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டும், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்ன ஆவது என்று பார்க்க வேண்டும். விழாப் படங்களில் அவர்கள் அவ்வளவாகத் தெரிய மாட்டார்கள்.

ஜூலையில் சில வாரங்கள் தண்டவாளத்தின் மேல் நடக்கப் பொதுமக்களை விட்டார்கள். பிறகு தண்டவாளங்களையும் கட்டைகளையும் பெயர்த்து மலேசியாவிடம் ஒப்படைத்தார்கள். பாதை இருந்த 24 கிலோமீட்டர் நிலம் இப்போது ரயில் காரிடார் என்ற பசுமை நடைபாதை. புக்கிட் தீமாவில் இரும்புப் பாலங்களை அப்படியே வைத்திருக்கிறார்கள். அங்கிருந்த சிறு ஸ்டேஷனையும் பழுதுபார்த்து 2022-இல் திறந்துவிட்டார்கள்.

அப்படியானால் தஞ்சோங் பகார் மட்டும் ஏன் இன்னும் அடைப்புக்குள் இருக்கிறது? மூடிய பிறகும் 2016 கடைசி வரை பொது விடுமுறை நாள்களில் உள்ளே போய்ப் பார்க்க விட்டார்கள். அதற்குப் பிறகு அடைத்ததற்குக் காரணம், அதற்குக் கீழேயே புது ரயில் நிலையம் கட்டுவது. எம்ஆர்டி வட்டப் பாதை ஹார்பர்ஃபிரண்டுக்கும் மரீனா பேக்கும் நடுவே முழுமையாகாமல் இருந்தது. அந்த நான்கு கிலோமீட்டரை இணைக்க கெப்பல், கண்டோன்மெண்ட், பிரின்ஸ் எட்வர்ட் ரோடு என்று மூன்று நிலையங்கள். நடுவிலுள்ள கண்டோன்மெண்ட், பழைய பிளாட்பாரங்களுக்கு அடியில் வருகிறது. தோண்டுவதற்காகப் பிளாட்பாரக் கூரையின் சில பகுதிகளைக் கழற்றிப் பத்திரப்படுத்தி, வேலை முடிந்ததும் அதே இடத்தில் மாட்டும் ஏற்பாடு. மண்டபத்துக்கு அதிர்வு போகாமல் பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை அது, வருடக்கணக்கில் இழுத்ததில் ஆச்சரியமில்லை. வட்டப் பாதையின் இந்தக் கடைசிப் பகுதியை 2026-இல் திறப்பதாகத் திட்டம். திறந்த பிறகு கண்டோன்மெண்டில் இறங்கினால், பழைய ஸ்டேஷனின் பிளாட்பாரப் பக்கமாகவே மேலே வரலாம்.

அடைப்பு இருக்கும் வரை கெப்பல் ரோட்டு நடைபாதையிலிருந்து சிலைகளையும் அந்த நான்கு எழுத்துகளையும் பார்த்துக்கொள்ளலாம். காலை வெளிச்சத்தில் போனால் நல்லது. அதோடு, மலேசிய ரயில் சிங்கப்பூரை விட்டு இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. உட்லண்ட்ஸிலிருந்து ஜோகூர் பாருவுக்கு ஐந்து நிமிடத்தில் போய்ச் சேரும் தெப்ராவ் ஷட்டில் 2015-இலிருந்து அதே கடற்பாலத்தின் மேல், அதே மீட்டர் கேஜில் ஓடுகிறது. உட்லண்ட்ஸ் நார்த்திலிருந்து ஜோகூர் பாருவுக்கு ஆர்டிஎஸ் இணைப்பு ரயில் 2026 கடைசியில் ஓடத் தொடங்கும் என்பது அறிவித்த இலக்கு. அது வந்து ஆறு மாதத்துக்குள் தெப்ராவை நிறுத்த வேண்டும் என்பது இரு நாட்டு ஒப்பந்தம். 1903-இல் டேங்க் ரோட்டில் தொடங்கிய பாதையில் ஒரு முறையாவது போக வேண்டும் என்றால், அதற்கு முன்பே உட்லண்ட்ஸில் டிக்கெட் எடுத்துவிடுங்கள். வார இறுதியில் சீக்கிரம் விற்றுத் தீர்ந்துவிடும், வார நாளில் மதிய வண்டியில் இடம் கிடைக்கும்.